கேரி நியூமனின் ‘எக்ஸைல்’: வால்யூம் குமிழிலிருந்து கையை எடுக்கவிடாத இசைத்தட்டு

ஆம்ப்ளிஃபயர் பழுது நீங்கி வீட்டுக்கு வந்துவிட்டது. வால்யூமைத் திருப்பும்போதெல்லாம் கரகரவென்று இரைச்சல், நடுநடுவே இடதுபக்க ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். பழுது பார்த்த பெரியவர் வால்யூம் கன்ட்ரோலைப் பிரித்து, உள்ளே வளைவாக ஓடும் கரிப்பட்டையைக் காட்டினார். கடிகார முள் கணக்கில் சொன்னால், ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் இடைப்பட்ட பகுதி மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. “ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாகத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள் தம்பி. சுத்தம் செய்து பயனில்லை, புதிது போட்டுவிடுகிறேன்” என்றார். அந்தத் தேய்மானத்தில் மற்ற இசைத்தட்டுகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவே என் கையை ஓயாமல் அலையவிட்டது எது என்று கேட்டால், பிரிட்டிஷ் சிந்தசைசர் இசைப் பாடகர் கேரி நியூமனின் ‘எக்ஸைல்’ என்று தயங்காமல் சொல்வேன்.

அதே வாரம் நண்பன் ஒருவன் கேட்டிருந்தான். “‘எக்ஸைல்’ விலை நன்றாக இறங்கியிருக்கிறது. இருண்ட கோதிக் சாயல் உள்ள ஆல்பம் என்கிறார்கள். நியூமனின் ‘கார்ஸ்’ பாட்டு எனக்குப் பிடிக்கும் என்பது உனக்குத் தெரியும். வாங்கலாமா?” ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. பல ஆண்டுகளாக வைத்திருந்து, கோபத்தோடும் பிரியத்தோடும் கேட்டுவரும் இசைத்தட்டு இது. 1997-இல் வந்தது, ஒன்பது பாடல்கள், முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் என்பதெல்லாம் அட்டையைப் பார்த்தாலே தெரியும். அட்டையில் இல்லாததை எழுதுகிறேன்.

முதல் பாடல் ‘டொமினியன் டே’. சரணத்தில் நியூமன் வாய்விட்டுப் பாடுவதில்லை, காதோரம் ரகசியம் சொல்கிறார். சொல்லில் பாதி மூச்சுக்காற்று. என்ன சொல்கிறார் என்று பிடிபட வேண்டுமானால் வால்யூமைக் கூட்டியாக வேண்டும். கூட்டிவிட்டு நாற்காலியில் வந்து சாய்ந்ததும் பல்லவி வந்துவிடுகிறது. குரலின் மேல் குரலை அடுக்கி, அதற்கு மேல் தேவாலயப் பாடகர் குழுவைப் போல ஒலிக்கும் கீபோர்டைப் பரப்பி, பின்னால் கிட்டாரை நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுகிறார். எழுந்து போய்க் குறைக்கிறேன். பல்லவி அடங்கி மறுபடியும் ரகசியம். மறுபடியும் கூட்டுகிறேன். ‘ப்ராஃபஸி’ தொடங்குகிறது, அதே கதை. ‘டெட் ஹெவன்’, அதே கதை. இரவு பத்து மணிக்கு மேல், பக்கத்து அறையில் ஆள் தூங்கும்போது, இந்த ஆல்பத்தை ஸ்பீக்கரில் நிம்மதியாகக் கேட்கவே முடியாது. இருட்டில் கேட்பதற்காகவே செய்யப்பட்ட ஆல்பத்துக்கு இது சின்னக் குறை அல்ல.

மாற்று வழிகளையும் பார்த்துவிட்டேன். ஹெட்ஃபோனில் சரணங்கள் அற்புதமாக இருக்கின்றன, அந்த ரகசியக் குரல் மண்டைக்குள்ளேயே பேசுகிறது. ஆனால் பல்லவி வந்ததும் காது வலிக்கிறது. காரில் போட்டால் சரணங்கள் எஞ்சின் சத்தத்தில் கரைந்துவிடுகின்றன. இணையத்தில் பாட்டு ஒலிபரப்பும் செயலிகளில் சத்தத்தைச் சமன் செய்யும் வசதி இருக்கிறது. அது பாட்டுக்குப் பாட்டு, ஆல்பத்துக்கு ஆல்பம் உள்ள வேறுபாட்டைத்தான் சரிசெய்யும், ஒரே பாட்டுக்குள் இருக்கும் மேடு பள்ளத்தைத் தொடாது. சில கருவிகளில் இரவு நேரத்துக்கென்று ஒரு வசதி உண்டு, அது உரத்ததை அமுக்கி மெல்லியதை உயர்த்தும். அதைப் போட்டுக் கேட்டதும் பல்லவிகள் உயிர் போய்த் தட்டையாகிவிட்டன. அந்தப் பல்லவிகளுக்காகத்தானே இசைத்தட்டைப் போடுகிறோம்.

சத்தத்தோடு மட்டும் என் புகார் நின்றிருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். ஒன்பது பாடல்களும் ஒரே அச்சில் வார்த்தவை. மெதுவான தாளம், முணுமுணுக்கும் சரணம், வெள்ளமாக வரும் பல்லவி, கொஞ்சம் வாத்தியம், மறுபடி சரணம். ஆறாவது பாடலுக்குள் நுழையும்போதே பல்லவி எந்த இடத்தில் வெடிக்கும் என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. வெடிப்பு எதிர்பார்த்த நொடியில் வந்தால் அதில் என்ன இருக்கிறது? தனித்தனியாக எடுத்து ஏதாவது ஒரு பாட்டைப் புதியவருக்குப் போட்டுக் காட்டினால் அசந்துபோவார். வரிசையாக உட்கார்ந்து கேட்டால் நான்காம் பாட்டுக்குப் பிறகு அவர் கைப்பேசியை எடுத்துவிடுவார்.

வேறு யாராவது இதைச் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. செய்தவர் கேரி நியூமன் என்பதுதான் ஆற மாட்டேன் என்கிறது. பல்லவியே இல்லாமல் உலகத்தைப் பாட வைத்த மனிதர் அவர்.

1978-இல் டியூப்வே ஆர்மி என்ற குழுவோடு, முரட்டுக் கிட்டார் இசையான பங்க் ஆல்பம் பதிவு செய்யப் போன இருபது வயது இளைஞர், ஸ்டுடியோவில் யாரோ விட்டுவிட்டுப் போயிருந்த மினிமூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தார். அறையே அதிரும்படி வந்த அந்த ஒலிதான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. கிட்டார்ப் பாட்டுகளை அங்கேயே சிந்தசைசர் பாட்டுகளாக மாற்றத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ‘ஆர் ஃப்ரெண்ட்ஸ் எலெக்ட்ரிக்?’ பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடத்தில் நின்றது. ஐந்து நிமிடத்துக்கும் மேல் ஓடும் பாட்டு அது. முடிக்காமல் கிடந்த இரண்டு பாடல்களை ஒட்டவைத்து உருவானது. பாடும் பல்லவி என்று எதுவும் கிடையாது, இடையில் பேச்சுதான் வரும். அதன் புகழ்பெற்ற கீபோர்டு மெட்டில் உறுத்தலாக விழும் ஒரு சுரம் கை தவறி விழுந்தது என்றும், கேட்கக் கேட்க நன்றாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டதாகவும் நியூமனே பலமுறை சொல்லியிருக்கிறார். சில மாதங்களில் சொந்தப் பெயரில் வந்த ‘கார்ஸ்’ பாட்டும் முதலிடம் பிடித்தது, 1980-இல் அமெரிக்காவில் முதல் பத்துக்குள் போனது. அதிலும் வழக்கமான பல்லவி இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுக் குரல் ஒதுங்கிக்கொள்கிறது, மீதியை வாத்தியங்கள் பார்த்துக்கொள்கின்றன.

அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘தி ப்ளெஷர் பிரின்ஸிபிள்’ ஆல்பத்தை நண்பன் மறுபடி ஒருமுறை டிரம்ஸை மட்டும் கவனித்துக் கேட்க வேண்டும். பேஸைத் தவிர வேறு கிட்டாரே இல்லாத ஆல்பம் அது, இயந்திர இசை என்று பத்திரிகைகள் ஏசின. ஆனால் டிரம்ஸ் வாசித்தது செட்ரிக் ஷார்ப்லி என்ற ரத்தமும் சதையுமான மனிதர். ‘கார்ஸ்’ பாட்டின் தாளத்தைக் கேட்டால், குச்சியைப் பிடித்திருக்கும் மணிக்கட்டின் துள்ளல் தெரியும். மேலே குளிர்ந்த சிந்தசைசரும் மூக்கால் பாடும் உணர்ச்சியற்ற குரலும், கீழே வியர்வை சிந்தும் தாளமும். அந்த முரண்தான் அவரைக் கூட்டத்திலிருந்து தனித்துக் காட்டியது. பங்குக்குப் பின் எழுந்த நியூ வேவ் இசை அலையில் சிந்தசைசரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். இந்தச் சேர்மானம் அவரிடம்தான் இருந்தது.

‘எக்ஸைல்’ அதை அப்படியே தலைகீழாகப் புரட்டிவிட்டது. இங்கே குரல்தான் மனிதத்தன்மையோடு இருக்கிறது. மூச்சு வாங்குகிறது, நடுங்குகிறது, கெஞ்சுகிறது. தாளம் இயந்திரத்தில் பதிந்து சுழல்கிறது. 1990-களின் நடுப்பகுதியில் எல்லோர் வீட்டு ஸ்டுடியோவிலும் கேட்ட அதே டிரம் ஒலிகள். அந்தக் காலத்தில் அவை கனமாகத் தோன்றின, இன்று அட்டைப்பெட்டியைத் தட்டுவதைப் போலக் கேட்கின்றன. சரணத்தின் அமைதியிலிருந்து பல்லவியின் ஆவேசத்துக்கு ஏறும் இடத்தில் ஒரு டிரம்மர் இருந்திருந்தால் படிப்படியாக ஏற்றியிருப்பார், தயங்கியிருப்பார், அரைக் கணம் பிந்தி அடித்திருப்பார். இங்கே அந்த ஏற்றம் சுவிட்ச் போட்டதுபோல் நடக்கிறது. என் கையும் அதற்கேற்பக் குமிழைத் தேடி ஓடுகிறது.

இனி நியாயத்தையும் சொல்ல வேண்டும். இந்த ஆல்பத்தை அவர் என்ன நிலைமையில் செய்தார் என்று தெரியாமல் பழிப்பது சரியாகாது.

1979-க்கும் 1980-க்கும் இடையில் மூன்று ஆல்பங்களைத் தொடர்ந்து முதலிடத்துக்குக் கொண்டுபோன அவர், 1981 ஏப்ரலில் வெம்ப்ளி அரங்கில் மூன்று இரவு பாடிவிட்டு மேடைக்கே விடை கொடுப்பதாக அறிவித்தார். இருபத்து மூன்று வயதில்! புகழ் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விமானம் ஓட்டும் ஆசை வேறு. சிறிய விமானத்தில் உலகைச் சுற்றிவரக் கிளம்பிய முதல் முயற்சி இந்தியாவில்தான் தடைப்பட்டது. உளவு, கடத்தல் என்ற சந்தேகத்தில் இங்கே பிடித்து வைக்கப்பட்டார் என்று சொல்லப்படுகிறது. இரண்டாம் முயற்சியில் சுற்றி முடித்தார். மேடை விலகல் நிலைக்கவில்லை, சீக்கிரமே திரும்பி வந்தார். ரசிகர் கூட்டம் அதற்குள் கலையத் தொடங்கிவிட்டது. ஆரம்ப நாளிலிருந்து உடன் பேஸ் கிட்டார் வாசித்த பால் கார்டினர் 1984-இல் போதைப்பொருளால் இறந்தார். அதே ஆண்டு நியூமா என்ற பெயரில் சொந்த நிறுவனம் தொடங்கினார் நியூமன். பிறகு வந்த ஆல்பங்களில் சாக்ஸபோன், பெண் குரல்கள், ஃபங்க் தாளம் என்று ஊரெல்லாம் விற்பதையெல்லாம் கலந்து பார்த்தார். கையில் கடன் ஏறியது. 1992-இல் வந்த ‘மெஷின் அண்ட் சோல்’ தான் அடிமட்டம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த இசைத்தட்டும் என்னிடம் இருக்கிறது, அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

அந்தக் குழியிலிருந்து ஏறி வந்தது 1994-இன் ‘சாக்ரிஃபைஸ்’. இனி யாருக்காகவும் எழுதுவதில்லை, எனக்குப் பிடித்ததைச் செய்கிறேன் என்று வீட்டிலேயே உட்கார்ந்து பதிவு செய்தார். டிபேஷ் மோட் குழுவின் 1993 ஆல்பம் தன்னை உலுக்கியதாகப் பேட்டிகளில் சொல்வார். பின்னாளில் மனைவியான ஜெம்மா அப்போது பக்கத்தில் இருந்து தைரியம் கொடுத்தார். இருட்டும் கனமும் அங்கேதான் தொடங்கின. ‘எக்ஸைல்’ அதன் அடுத்த படி. சொந்த நிறுவனத்தை மூடிவிட்டு ஈகிள் நிறுவனத்துக்காகச் செய்தது, இதுவும் பெரும்பாலும் தனியாளாக, வீட்டு ஸ்டுடியோவில். ஆகவே டிரம்மர் எங்கே என்று நான் கேட்பது, கையில் காசில்லாதவரிடம் விருந்து எங்கே என்று கேட்பதாக ஆகிவிடும். தெரிகிறது. தெரிந்தும் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது.

இந்த ஆல்பத்தை நான் ஏன் விற்காமல் வைத்திருக்கிறேன் என்பதற்கு இப்போது வருகிறேன்.

கோதிக் என்ற சொல்லைக் கேட்டதும் கறுப்பு உடை, கண் மை, சிலுவைச் சங்கிலி என்று நினைத்துக்கொள்வோம். அதெல்லாம் இங்கேயும் கொஞ்சம் உண்டு. ஆனால் உள்ளே இருப்பது அலங்காரத்தைவிடப் பெரியது. ஒன்பது பாடல்களுக்கும் ஒரே கருதான் அடிநாதம்: வேதாகமம் சொல்வதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம், அப்படியானால் அந்தக் கடவுள் நல்லவரா? கடவுளும் சாத்தானும் ஒரே ஆளின் இரண்டு முகங்களாக இருந்தால் என்ன செய்வது? பாடல் பெயர்களைப் பார்த்தாலே தெரியும். ‘டெட் ஹெவன்’, ‘தி ஏஞ்சல் வார்ஸ்’, ‘அப்சல்யூஷன்’. நியூமன் கடவுள் நம்பிக்கை இல்லாதவர், அதை ஒளித்ததும் இல்லை. நம்பிக்கை இல்லாத ஒருவர் இல்லாத கடவுள் மேல் இவ்வளவு கோபம் கொள்வது எப்படி என்று முதலில் எனக்கு விளங்கவில்லை.

நமக்குச் சாமியைத் திட்டுவது புதிதல்ல. நிந்தா ஸ்துதி என்று அதற்கு ஒரு மரபே இருக்கிறது. ஆனால் நம் மரபில் திட்டுகிறவர் உரிமைக்காரர், திட்டி முடித்ததும் அதே சந்நிதியில்தான் போய் நிற்பார். ‘எக்ஸைல்’ ஆல்பத்தில் அப்படித் திரும்பிப் போய் நிற்க ஓர் இடமில்லை. அதனால்தான் அந்தக் குரல் கத்தாமல் முணுமுணுக்கிறது என்று நினைக்கிறேன். கேட்பதற்கு யாரும் இல்லாத வெற்றுக் கூடத்தில் மனிதன் அப்படித்தான் பேசுவான். இப்படி யோசித்துக்கொண்டு கேட்கும்போது, நான் மேலே ஏசிய அதே சரணங்கள் என்னை உட்கார வைத்துவிடுகின்றன. குளிர் பரவுகிறது. பயமுறுத்துவதற்காகச் செய்த இசையில் எனக்குப் பயம் வருவதில்லை, இதில் வருகிறது.

நான்காவது பாட்டு ‘டார்க்’. நண்பனே, நீ வேறு எதையும் கேட்காவிட்டாலும் இதைக் கேள். அச்சு அதே அச்சுதான், முணுமுணுப்பும் வெள்ளமும்தான். ஆனால் இதில் மெட்டு நிற்கிறது. ஒருமுறை கேட்டால் மறக்காது. குரலை அவர் எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்திருக்கிறார், பல்லவி எழும்போது அது மிரட்டலாக இல்லாமல் தவிப்பாக இருக்கிறது. அடுத்த ஆண்டு வந்த ‘டார்க் சிட்டி’ படத்தின் இசைத்தட்டில் இந்தப் பாட்டைச் சேர்த்தார்கள். சூரியனே உதிக்காத நகரத்தைப் பற்றிய படத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எதைத் தேடியிருப்பார்கள்? ஒரு படத்துக்காக எழுதியது என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

கடைசிப் பாட்டு, ஆல்பத்தின் பெயரையே தாங்கிய பாட்டு, எல்லாவற்றையும்விட நீளமானது, மெதுவானது. அதற்குள் கேட்பவர் களைத்துவிடுகிறார் என்பதுதான் அதற்கு நேர்ந்த அநியாயம். வரிசையை விட்டுத் தனியாக, ஒருநாள் முதல் பாட்டாகப் போட்டுக் கேட்டேன். முகத்தில் அறைந்தது. எட்டுப் பாடல்களின் களைப்பைச் சுமந்துகொண்டு வந்ததால் இத்தனை காலம் அதைச் சரியாகக் கேட்கவே இல்லை. ஒரு நல்ல தயாரிப்பாளர் உடன் இருந்திருந்தால் இரண்டு பாடல்களை எடுத்திருப்பார், நடுவில் ஒன்றை வேகப்படுத்தியிருப்பார், இந்தப் பாட்டுக்கு மூச்சு விட இடம் கொடுத்திருப்பார். நியூமனே எழுதி, நியூமனே வாசித்து, நியூமனே தயாரித்தால் வேண்டாம் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

காலத்தையும் பார்க்க வேண்டும். 1990-களின் நடுவில், நியூமனே மறக்கப்பட்டுவிட்டதாக எல்லோரும் நினைத்திருந்த நேரத்தில், அடுத்த தலைமுறை அவரைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தது. அவருடைய ‘டவுன் இன் தி பார்க்’ பாட்டை மரிலின் மேன்சன் தன் குரலில் பாடினார், ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவும் பாடியது. ‘எக்ஸைல்’ வந்த அதே 1997-இல்தான் பலர் சேர்ந்து நியூமனின் பாடல்களைப் பாடிய ‘ராண்டம்’ என்ற தொகுப்பும் வந்தது. 2000-இல் நைன் இன்ச் நெய்ல்ஸ் குழு அவருடைய ‘மெட்டல்’ பாட்டைப் பதிவு செய்தது. தனக்கு அடுத்து வந்தவர்கள் எழுப்பிய கனமான இண்டஸ்ட்ரியல் இசையை, இயந்திர இரைச்சல் கலந்த ராக்கை, கேட்டு நியூமன் கற்றுக்கொண்டார், அவர்களோ அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள். ‘எக்ஸைல்’ அந்தக் கொடுக்கல் வாங்கலின் முதல் கட்டத்தில் செய்தது. கனம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அதை எப்படிப் பதிவு செய்வது என்பது இன்னும் கைக்கு வரவில்லை. மேடையில் இதே பாடல்களை உயிருள்ள டிரம்ஸோடும் கிட்டாரை முன்னால் நிறுத்தியும் அவர் குழுவினர் வாசித்த பிற்காலப் பதிவுகளைக் கேட்டால், ‘டொமினியன் டே’ எப்படிப்பட்ட பாட்டு என்று தெரியும். பாட்டு எப்போதும் நன்றாகத்தான் இருந்தது. பதிவில்தான் கோளாறு.

இதற்கு ஆதாரம் 2000-இல் வந்த ‘ப்யூர்’. அங்கேயும் முணுமுணுக்கிறார். அங்கேயும் பல்லவி பொங்குகிறது. அங்கேயும் கடவுளோடு வழக்குத் தீரவில்லை. இழந்த குழந்தைக்காக எழுதிய ‘எ ப்ரேயர் ஃபார் தி அன்பார்ன்’ பாட்டில் அந்தக் கோபம் முதன்முறையாகச் சொந்தத் துக்கமாக மாறுகிறது. ‘எக்ஸைல்’ ஆல்பத்தில் வாதமாக இருந்தது இங்கே காயமாக இருக்கிறது. ஒலியிலும் வித்தியாசம் உண்டு. சரணத்தின் கீழே எப்போதும் ஏதோ ஒன்று உறுமிக்கொண்டே இருக்கிறது, கிட்டாரோ, கிழிந்த சிந்தசைசரோ, ஏதோ ஒன்று. அதனால் சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவே பள்ளம் இல்லை, சரிவு இருக்கிறது. ‘ப்யூர்’ கேட்கும்போது நான் வால்யூம் குமிழைத் தொடுவதே இல்லை. மூன்றே ஆண்டுகளில் அதே மனிதர் அதே கருத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்துவிட்டார் என்பதைப் பார்க்கும்போது எனக்கு ‘எக்ஸைல்’ மேல் கோபம் கூடவும் செய்கிறது, கரிசனம் வரவும் செய்கிறது. அந்த மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய நியூமனைத்தானே இதில் கேட்கிறோம்.

அதன் பிறகு அவர் ஏறிய ஏற்றம் ஊரறிந்தது. 2013-இல் ‘ஸ்ப்ளின்டர்’, 2017-இல் ‘சாவேஜ்’. ‘சாவேஜ்’ பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது, 1980-க்குப் பிறகு அவருடைய ஸ்டுடியோ ஆல்பம் எதுவும் தொடாத உயரம். அதில் ‘மை நேம் இஸ் ரூயின்’ பாட்டில் மகள் பெர்சியாவும் பாடியிருக்கிறார். அதே ஆண்டு பிரிட்டன் பாடலாசிரியர்களின் ஐவர் நோவெல்லோ விருதும் கிடைத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஏசிய பத்திரிகைகள் இப்போது பாராட்டி எழுதுகின்றன. எனக்கு இதில் அளவில்லாத மகிழ்ச்சி. இந்த ஏற்றத்துக்கு அஸ்திவாரம் போட்டது ‘எக்ஸைல்’ தான், அதை யாரும் சொல்வதில்லை. அஸ்திவாரத்தில் குடியிருப்பது சிரமம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

விரிவுப் பதிப்பு ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் மலிவாகக் கிடைப்பதும் அதுதான். அதே ஒன்பது பாடல்களை இன்னும் நீட்டியிருக்கிறார்கள். முன்னால் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், பின்னால் நிறைய. தீவிர ரசிகர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். தனியாக ‘டார்க்’ பாட்டின் நீண்ட வடிவத்தைக் கேட்பதில் எனக்கும் சுகம் உண்டு. ஆனால் ஏற்கெனவே ஒரே மாதிரி இருக்கும் பாடல்களை நீட்டினால் அந்த ஒரே மாதிரித்தனமும் சேர்ந்து நீளும். நண்பன் பார்த்திருப்பது அந்தப் பதிப்பாக இருந்தால், கையைக் கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

சாதாரணப் பதிப்பாக இருந்தாலும் என் பதில் ‘வாங்காதே’ என்பதுதான். மேலே இவ்வளவு பாராட்டிவிட்டு இப்படிச் சொல்கிறாயே என்று கேட்பாய். நேற்றிரவு புதுக் கன்ட்ரோல் போட்ட ஆம்ப்ளிஃபயரில் இதை முழுவதும் கேட்டேன். முதல் பாட்டிலேயே எழுந்தேன், குறைத்தேன், கூட்டினேன். ‘தி ஏஞ்சல் வார்ஸ்’ வந்தபோது எரிச்சலில் நிறுத்திவிட்டேன். ஒரு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கலாம். இன்றைக்கு இதுதான். ‘கார்ஸ்’ பிடித்தவன் நேராக இதற்குள் வந்தால் நியூமன் மேலேயே வெறுப்பு வந்துவிடும், அதை என்னால் தாங்க முடியாது.

முதலில் ‘ப்யூர்’ வாங்கு. அது பிடித்துவிட்டால் ‘சாக்ரிஃபைஸ்’ கேள். அதற்கும் பிறகு, இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தால் ‘எக்ஸைல்’ பக்கம் போகலாம், அப்போதும் ஒரே மூச்சில் கேட்காமல் நாளுக்கு இரண்டு பாட்டாகக் கேள். பணம் கொடுக்கத் தேவையில்லாமல் என் பிரதியை இரவல் கேட்க நினைத்தால் அது மட்டும் முடியாது. வீட்டுக்கு வா, இங்கேயே போட்டுக் கேட்கலாம். பக்கத்து அறையில் யாரும் தூங்காத நேரமாகப் பார்த்து வா.